பிள்ளை இல்லாத தம்பதிகளுக்கு அரசாங்க வைத்தியம்: யாருக்குத் தகுதி? எப்போது போக வேண்டும்?



கர்ப்பிணித் தாய்மாரின் போஷாக்கு பற்றியும், பிறந்த குழந்தைக்குப் போட வேண்டிய ஊசிகள் பற்றியும் எத்தனையோ விளக்கங்கள் உங்கள் கைக்கு வந்திருக்கும். ஆனால் கலியாணம் முடித்துப் பல வருஷமாகியும் பிள்ளை தங்காமல் இருக்கும் தம்பதிகளைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அவர்களும் வெளியே சொல்வதில்லை. பெண் பிரட்டுக்களத்திலும் தண்ணிப் பீலியடியிலும் குத்துப் பேச்சைக் கேட்டுக்கொண்டு மனசுக்குள் அழுகிறாள். ஆண் வாய் திறக்காமல் சாராயக் கடைக்குப் போகிறான்.

இது ஏதோ ஒரு சிலருக்கு மட்டும் வரும் குறை அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2023ம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, வளர்ந்தவர்களில் ஏறத்தாழ ஆறு பேருக்கு ஒருவர் தம் வாழ்நாளில் ஒரு முறையாவது இந்தப் பிரச்சினையைச் சந்திக்கிறார். பணக்கார நாடு, ஏழை நாடு என்ற வித்தியாசம் இதில் பெரிதாக இல்லை. வைத்தியம் கிடைப்பதில்தான் வித்தியாசம்.

"அதுக்கெல்லாம் லட்சக்கணக்கில் காசு வேணும், நமக்கு எங்க கட்டுபடியாகும்?" என்று நினைத்துப் பலர் ஆஸ்பத்திரிப் பக்கமே போவதில்லை. வேறு சிலர் நகையை அடகு வைத்து, சீட்டுக் காசை எடுத்து, தெரியாத இடத்தில் செலவழித்துவிட்டு, கையில் ஒன்றும் மிஞ்சாத நேரத்தில் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். அதற்குள் வயசு போய்விடுகிறது. ஆகவே அரசாங்கச் செலவில் என்ன வைத்தியம் கிடைக்கும், அதற்கு யாருக்குத் தகுதி, எப்போது போக வேண்டும் என்பதை இங்கே விளக்குகிறோம். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வாசியுங்கள்.

எத்தனை நாள் பொறுக்கலாம்?

கலியாணம் முடித்து மூன்றாம் மாசமே "இன்னும் ஒண்ணையும் காணோமே" என்று கேட்கும் மாமியார்கள் உண்டு. அதற்காகப் பயப்பட வேண்டாம். குடும்பக் கட்டுப்பாடு எதுவும் செய்யாமல், சேர்ந்து வாழும் நூறு தம்பதிகளில் எண்பது பேருக்கு மேல் ஒரு வருஷத்துக்குள் கர்ப்பம் தங்கிவிடும். மிச்சப் பேரில் பாதிப் பேருக்கு அடுத்த வருஷத்தில் தங்கும்.

ஆகவே கணக்கு இதுதான். மனைவிக்கு 35 வயதுக்குக் குறைவு என்றால் ஒரு வருஷம் பார்க்கலாம். அதற்கு மேல் பொறுக்கக் கூடாது. 35 வயதைத் தாண்டியிருந்தால் ஆறு மாசம் போதும். மாசச் சுகவீனம் ஒழுங்காக வராதவர்கள், அடிவயிற்றில் கடும் வலி உள்ளவர்கள், வயிற்றில் ஒப்பரேஷன் செய்தவர்கள், காசநோய் வந்து வைத்தியம் செய்தவர்கள், வயசுக்கு வந்தபின் கூகைக்கட்டு வந்து விதை வீங்கிய ஆண்கள் ஆகியோர் இந்தக் கணக்கைப் பார்க்காமல் முன்னதாகவே போக வேண்டும்.

இங்கே நம்ம ஆட்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. "கலியாணம் முடிச்சு நாலு வருஷம்" என்பார்கள். விசாரித்தால் புருஷன் கொழும்பில் கடையில் வேலை, மாசத்துக்கு ஒரு முறை இரண்டு நாள் லீவில் வருவார். அல்லது மனைவி இரண்டு வருஷம் மத்திய கிழக்கில் இருந்திருப்பார். டொக்டர் கணக்கெடுப்பது சேர்ந்து வாழ்ந்த காலத்தை மட்டுமே. ஒரு பெண்ணுக்கு மாசத்தில் ஏறக்குறைய ஆறு நாள்தான் கரு உண்டாகக்கூடிய நாட்கள். அடுத்த சுகவீனம் வருவதற்குச் சுமார் 14 நாள் முன்பு முட்டை வெளிவரும். அந்த நாளும் அதற்கு முந்திய ஐந்து நாளும்தான் அந்த ஆறு நாள். 28 நாளுக்கு ஒரு முறை சுகவீனம் வருபவருக்கு இது 9ம் நாளிலிருந்து 14ம் நாள் வரை வரும். 35 நாளுக்கு ஒரு முறை வருபவருக்கு 16லிருந்து 21 வரை போகும். புருஷன் லீவில் வரும் நாள் இதற்கு வெளியே விழுந்தால், இருவருக்கும் ஒரு குறையும் இல்லாமலே வருஷக் கணக்கில் பிள்ளை தங்காமல் போகலாம். வீட்டிலிருப்பவர்கள் நாள் எண்ணத் தேவையில்லை. இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை சேர்ந்தால் போதும். தூரத்தில் வேலை செய்பவர்கள் லீவை அந்த நாட்களுக்குத் தோதாகக் கேட்டு வாங்க வேண்டும்.

நம் நாட்டில் தகுதி யாருக்கு?

இலங்கையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் டொக்டரைக் காட்டக் காசு கட்ட வேண்டியதில்லை. பிள்ளை தங்காத பிரச்சினைக்கும் அப்படித்தான். இவ்வளவு சம்பளம் இருக்க வேண்டும், சொந்த வீடு இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. தோட்டத்தில் பேர் உள்ளவரா, கைக்காசு வேலை செய்பவரா என்ற பேதமும் கிடையாது.

முதல் வாசல் உங்கள் பகுதியின் குடும்பநல மாது. நாம் மருத்துவிச்சி அம்மா என்று கூப்பிடுவோமே, அவர்தான். அவரிடம் தகுதியான தம்பதிகள் பதிவேடு என்று ஒன்று உண்டு. மனைவிக்கு 15 முதல் 49 வயது வரை உள்ள தம்பதிகளை அதில் எழுத வேண்டும். கலியாணம் பதிந்திருந்தாலும் சரி, பதியாமல் சேர்ந்து வாழ்ந்தாலும் சரி, எழுதலாம். புதுசாகக் கலியாணம் முடித்தவர்களைக் கிளினிக்குக்கு அழைத்து நிறை, உயரம், இரத்தம் பார்ப்பதும், போலிக் அமில மாத்திரை கொடுப்பதும், ருபெல்லா ஊசி போட்டிருக்கிறதா என்று பார்ப்பதும் அவர்களுடைய கடமைகளில் சேரும். பிள்ளை தங்காத தம்பதிகளை மேலிடத்துக்கு அனுப்புவதும் அந்தக் கடமைதான். ஆகவே அவர் லயத்துக்கு வரும்போது, "பிள்ளை உண்டாகல்ல, அதனால எனக்கு அவங்ககிட்ட வேலையில்ல" என்று உள்ளே போய் ஒளிந்துகொள்ளாதீர்கள்.

அவர் உங்களைச் சுகாதார வைத்திய அதிகாரியிடம், அதாவது எம்.ஓ.எச். கிளினிக்குக்கு அனுப்புவார். அங்கிருந்தோ, தோட்ட ஆஸ்பத்திரியிலிருந்தோ ஒரு துண்டு வாங்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரியின் பெண்ணோயியல் விசேஷ வைத்தியரிடம் போக வேண்டும். மலையகத்தவருக்கு நுவரெலியா, கண்டி, பேராதனை, பதுளை, இரத்தினபுரி ஆகிய இடங்களிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிகளில் இவ்வகை விசேஷ வைத்தியர்கள் இருக்கிறார்கள். கொழும்பில் காசல் வீதி பெண்கள் ஆஸ்பத்திரியும் டி சொய்சா ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. கிளினிக் எந்தக் கிழமை என்பதை மருத்துவிச்சி அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போனால் ஒரு நாள் பேர் வீணாகாது.

இங்கிலாந்தில் வைக்கும் நிபந்தனைகள்

தகுதி என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் நமக்குச் சில விஷயங்கள் விளங்கும். 1978ம் ஆண்டு ஜூலை 25ம் திகதி இங்கிலாந்தில் ஓல்ட்ஹம் என்ற ஊரின் பொது ஆஸ்பத்திரியில் லூயிஸ் பிரவுண் என்ற பெண் குழந்தை பிறந்தது. தாயின் முட்டையையும் தகப்பனின் விந்தணுவையும் வெளியே கண்ணாடிப் பாத்திரத்தில் சேர்த்து, உண்டான கருவைத் தாயின் கருப்பையில் வைத்துப் பிறந்த முதல் குழந்தை அது. சோதனைக் குழாய்க் குழந்தை என்று பத்திரிகைகள் எழுதின. இந்த முறைக்கு ஐ.வி.எப். என்று பெயர். இதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான றொபர்ட் எட்வர்ட்ஸ் 2010ம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்.

இங்கிலாந்திலும் நம் நாட்டைப் போல அரசாங்க வைத்தியம் இலவசம். ஆனால் ஐ.வி.எப். செலவு கூடிய வைத்தியம். கேட்கும் எல்லாருக்கும் கொடுக்கப் பணம் போதாது. ஆகவே யாருக்கு முதலில் கொடுப்பது என்று நிபந்தனை வைத்தார்கள். 2013ம் ஆண்டு திருத்தி வெளியிட்ட தேசிய வழிகாட்டலில், இரண்டு வருஷம் முயன்றும் பிள்ளை தங்காத, 40 வயதுக்குக் குறைந்த பெண்ணுக்கு மூன்று முறை ஐ.வி.எப். செய்யலாம் என்று சொல்லப்பட்டது. 40 முதல் 42 வயது வரை உள்ளவருக்கு, சில நிபந்தனைகளுடன், ஒரே ஒரு முறை. அதற்கு மேல் இல்லை. வழிகாட்டல் மூன்று முறை என்றாலும், பணத்தைக் கையில் வைத்திருக்கும் உள்ளூர்ச் சபைகளில் பல ஒரு முறைதான் கொடுக்கின்றன. ஒரே நாட்டில் இந்த ஊரில் கிடைப்பது பக்கத்து ஊரில் கிடைப்பதில்லை என்று அங்கேயும் மக்கள் குறைப்படுகிறார்கள்.

வயசோடு வேறு நிபந்தனைகளும் உண்டு. பல இடங்களில் இருவரில் ஒருவருக்கு முன் தாரத்துப் பிள்ளை இருந்தாலும் கிடையாது. பெண்ணின் நிறை உயரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 5 அடி உயரமான பெண் என்றால் ஏறத்தாழ 44 முதல் 69 கிலோ வரை. இருவரும் புகைக்கக் கூடாது. பிள்ளை வேண்டாம் என்று நிரந்தர ஒப்பரேஷன் செய்துகொண்டவர்களுக்கும் பொதுவாகக் கிடையாது.

இவ்வளவு தூரத்திலுள்ள நாட்டுச் சட்டம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. வயசு, எத்தனை வருஷம் முயன்றது, நிறை, புகை, முந்திய பிள்ளையும் ஒப்பரேஷனும் ஆகிய இந்த ஐந்தையும்தான் நம்ம ஆஸ்பத்திரி டொக்டரும் முதல் நாளே கேட்பார். நம்மைத் துரத்திவிடுவதற்காகக் கேட்பதல்ல. எந்த வைத்தியம் பலிக்கும் என்பதை இந்த ஐந்தும் தீர்மானிக்கின்றன. இவற்றில் நிறையைச் சரிப்படுத்தலாம். புகையை நிறுத்தலாம். போன வயசு மட்டும் திரும்பி வராது.

வயசைப் பற்றி இன்னும் கொஞ்சம்

பெண் பிறக்கும்போதே வாழ்நாளுக்குரிய முட்டைகள் எல்லாம் அவள் உடம்பில் இருக்கின்றன. பிறகு புதுசாக உண்டாவதில்லை. வயசு போகப் போக அவை குறைகின்றன, தரமும் குறைகிறது. 35க்குப் பிறகு குறைவு தெரிய ஆரம்பிக்கும். 40ஐ நெருங்கும்போது வேகமாகக் குறையும். ஐ.வி.எப். செய்தாலும் இந்தக் குறைவை ஈடு செய்ய முடியாது. இங்கிலாந்துக் கணக்கில், 35 வயதுக்குக் குறைந்த பெண்ணுக்குக் கரு வைத்தால் ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை பிள்ளை பிறக்கிறது. 43 வயதைத் தாண்டியவர் தம் சொந்த முட்டையில் செய்தால் இருபதில் ஒரு முறை அளவுக்குத்தான்.

நம் மலைகளில் நடப்பது என்ன? 22 வயதில் கலியாணம். முதல் ஐந்து வருஷம் கோயில், மந்திரம், தாயத்து. அடுத்த ஐந்து வருஷம் ஊர் வைத்தியம், யாரோ சொன்ன லேகியம். 33, 34 வயதில்தான் முதன்முதலாக டொக்டரைக் காண்கிறார்கள். அங்கும் பரிசோதனைக்குத் தவணை வைத்து இரண்டு வருஷம் போகிறது. சாமி கும்பிடுவது உங்கள் நம்பிக்கை. அதை விடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நேர்த்தி வைக்கிற அதே மாசத்தில் கிளினிக்கிலும் பேரைப் பதிந்து விடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இருவரும் போக வேண்டும்

கிளினிக் துண்டு கையில் வந்த பிறகு பல காம்பராக்களில் இப்படித்தான் பேச்சு நடக்கும்.

"என்னங்க, மருத்துவிச்சி அம்மா ரெண்டு பேரையும் வரச் சொன்னாங்க."

"எனக்கு என்ன கொறை? நீ போய் காட்டிட்டு வா. எனக்கு மலையில வேலை கெடக்கு."

"ஒங்களையும் பாக்கணுமாம். வராட்டி டொக்டர் மறுபடி திருப்பி அனுப்புவாராம்."

"அப்பிடின்னா ஒங்க அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போ."

மாமியாரைக் கூட்டிப் போய்ப் பிரயோசனமில்லை. பிள்ளை தங்காததற்கு மூன்றில் ஒரு பங்கு காரணம் ஆணிடம் இருக்கிறது. இன்னும் பல தம்பதிகளில் இருவரிடமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது. ஆணுக்கு வேண்டியது மிகச் சுலபமான பரிசோதனை. ஊசியில்லை, கத்தியில்லை. விந்தைச் சிறு போத்தலில் எடுத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பெண்ணுக்கோ வயிற்றுக்குள் பார்க்கும் பரிசோதனைகள் வேண்டும். ஆணின் ரிப்போட் இல்லாமல் பெண்ணை வருஷக் கணக்கில் மாத்திரை குடிக்க வைப்பது வீண் வேலை மட்டுமல்ல, அநியாயமும் ஆகும்.

பரிசோதனைக்கு முன் இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்குக் கூடாமலும் மனைவியுடன் சேராமல் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் போத்தலிலேயே எடுக்க வேண்டும். வீட்டில் எடுத்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மலைக் குளிரில் போத்தலைச் சும்மா கையில் கொண்டு போகாமல் சட்டைக்குள் உடம்புச் சூட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். பஸ் ஏறி இரண்டு மணித்தியாலம் போக வேண்டிய தோட்டம் என்றால், ஆஸ்பத்திரியிலேயே எடுக்க இடம் கேளுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2021ம் ஆண்டுக் கைநூலின்படி, குறைந்தது 1.4 மில்லிலீற்றர் விந்தும், ஒவ்வொரு மில்லிலீற்றரிலும் 160 இலட்சம் அணுக்களும், நூற்றுக்கு 42 அணுக்கள் அசைவுள்ளவையாகவும் இருப்பது நல்லது. இதற்குக் குறைந்தால் பிள்ளையே பிறக்காது என்று அர்த்தமில்லை. ஒரு ரிப்போட் குறைவாக வந்தால் இன்னொரு முறை பார்ப்பார்கள். புதிய விந்தணு உண்டாகி வரச் சுமார் இரண்டரை மாதம் எடுக்கும். ஆகவே சாராயத்தையும் கசிப்பையும், பீடி சிகரட்டையும், புகையிலை போட்ட வெற்றிலையையும் இன்று நிறுத்தினால் பலன் மூன்று மாதம் கழித்தே ரிப்போட்டில் தெரியும்.

மருந்தடிக்கும் தொழிலாளர்கள் அந்த வேலையைக் கட்டாயம் டொக்டரிடம் சொல்ல வேண்டும். 1977ம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டி.பி.சி.பி. என்ற வேர்ப்புழு மருந்து தயாரித்த ஒரு தொழிற்சாலையில் வேலை செய்த ஆண்கள், தங்களில் பலருக்குப் பிள்ளை இல்லாததைக் கவனித்துத் தங்களுக்குள் பேசினார்கள். பரிசோதித்தபோது பலருக்கு விந்தணு குறைந்திருந்தது, சிலருக்கு அடியோடு இல்லை. அதே மருந்து பாவித்த கோஸ்டாரிகா வாழைத் தோட்டங்களிலும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். 1979ல் அமெரிக்கா அதன் பாவனையைப் பெரும்பாலும் நிறுத்தியது. அந்தத் தொழிலாளர்கள் வெட்கத்தை விட்டுப் பேசியதால்தான் விஷயமே வெளியில் வந்தது. எந்த மருந்தை அடித்தாலும் கையுறை, முகமூடி, சப்பாத்து இல்லாமல் அடிக்காதீர்கள். வேலை முடிந்ததும் குளித்து உடுப்பை மாற்றுங்கள்.

பெண்ணுக்கு என்ன பார்ப்பார்கள்?

முதலில் கேள்விகள். சுகவீனம் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது, முன்பு கரு கலைந்ததா, வயிற்றில் கிருமி வந்ததா என்று கேட்பார்கள். முன்பு நடந்த எதையும் மறைக்காதீர்கள். புருஷன் முன்னாலோ மாமியார் முன்னாலோ சொல்ல முடியாத விஷயம் என்றால், "டொக்டரோடு தனியா கதைக்கணும்" என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.

பிறகு இரத்தப் பரிசோதனை. இரத்தச் சோகை, நீரிழிவு, தைரொயிட் எல்லாம் பார்ப்பார்கள். முட்டை வெளிவருகிறதா என்று அறிய, 28 நாள் கணக்குள்ளவருக்கு 21ம் நாள் இரத்தம் எடுப்பார்கள். ஆகவே சுகவீனம் வந்த முதல் திகதியை ஒவ்வொரு மாசமும் கலண்டரில் குறித்து வையுங்கள். ஸ்கேனில் கருப்பையும் சூலகமும் தெரியும். சூலகத்தில் சிறு சிறு நீர்க்கட்டிகள் நிறைய இருந்து சுகவீனம் தள்ளித் தள்ளி வருவது இன்று இளம் பெண்களிடம் சாதாரணமாகக் காணப்படும் ஒரு காரணம். அடுத்து, கருக்குழாய் அடைபட்டிருக்கிறதா என்று மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள், அல்லது வயிற்றில் சிறு துளையிட்டுக் கமரா மூலம் பார்ப்பார்கள்.

வைத்தியம் படிப்படியாக வரும்

எல்லாருக்கும் ஐ.வி.எப். வேண்டியதில்லை. பெரும்பாலானோருக்கு முதற் படிகளிலேயே வழி கிடைக்கிறது. தைரொயிட் குறைபாட்டுக்கு மாத்திரை. நிறை கூடிய, சுகவீனம் ஒழுங்கில்லாத பெண்ணுக்கு நிறை குறைந்தாலே முட்டை வெளிவர ஆரம்பிக்கலாம். அதற்கும் சரிவராவிட்டால் கிளோமிபீன் அல்லது லெட்ரசோல் மாத்திரை, பெரும்பாலும் சுகவீனம் வந்த ஆரம்ப நாட்களில் ஐந்து நாளுக்குக் கொடுப்பார்கள். இந்த மாத்திரையைப் பக்கத்துக் காம்பரா அக்காவிடம் வாங்கியோ, பார்மசியில் தானாகக் கேட்டோ குடிக்காதீர்கள். சூலகம் வீங்கலாம், இரட்டைப் பிள்ளை தங்கலாம். டொக்டர் பார்த்துப் பார்த்துத்தான் அளவைக் கூட்ட வேண்டும்.

அடுத்த படி, கழுவித் தெரிந்தெடுத்த விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்துவது. ஐ.யூ.ஐ. என்பார்கள். சில அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இதைச் செய்கிறார்கள். ஐ.வி.எப். கடைசிப் படி. இரண்டு கருக்குழாயும் அடைபட்டவர்களுக்கும், விந்தணு மிக மிகக் குறைந்தவர்களுக்கும் இது தேவைப்படும். நம் நாட்டில் இது பெரும்பாலும் தனியார் நிலையங்களில்தான், பல இலட்ச ரூபாய் செலவில் நடக்கிறது. அரசாங்கத் துறையில் இடம் மிகக் குறைவு. அந்த நிலை வந்தால், அரசாங்கச் செலவில் செய்ய வழி உண்டா, எங்கே எழுதித் தருவீர்கள் என்று உங்கள் விசேஷ வைத்தியரிடமே நேராகக் கேளுங்கள். எல்லா ரிப்போட்டும் கிளினிக் கொப்பியும் ஒழுங்காக இருப்பவருக்கு டொக்டர் உடனே கடிதம் எழுத முடியும். ஒன்றும் இல்லாதவர் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும்.

நகையை அடகு வைத்துச் சென்னைக்குப் போக நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தியாவில் 2021ம் ஆண்டு வந்த சட்டப்படி பெண்ணுக்கு 21 முதல் 50 வயது வரையும், ஆணுக்கு 21 முதல் 55 வரையும்தான் இவ்வகை வைத்தியம் செய்யலாம். காசு கட்டும் முன் உங்கள் ரிப்போட்டுகளை இங்குள்ள அரசாங்க விசேஷ வைத்தியரிடம் காட்டி, "எங்க வயசுக்கு இது பலிக்க எவ்வளவு வாய்ப்பு?" என்று கேளுங்கள். ஒரு முறை செய்தால் கட்டாயம் பிள்ளை என்று உத்தரவாதம் கொடுப்பவரை நம்பாதீர்கள்.

போகும் நாள் கையில் இருக்க வேண்டியவை

1. இருவரின் அடையாள அட்டையும், துண்டும்.
2. கிளினிக் கொப்பி. முன்பு வேறு இடத்தில் பார்த்திருந்தால் அந்தக் கடதாசிகள், ஸ்கேன், எக்ஸ்ரே எல்லாம். பழசு என்று எறிந்துவிடாதீர்கள்.
3. கடைசி ஆறு மாசச் சுகவீனத் திகதிகள் எழுதிய கடதாசி.
4. இருவரும் குடிக்கும் மருந்துகளின் பெயர் அல்லது வெற்றுப் பெட்டி.
5. கேட்க நினைத்த கேள்விகள். டொக்டர் முன்னால் போனதும் மறந்துவிடும்.

சில வேளை ஒரு மாத்திரையோ ஒரு இரத்தப் பரிசோதனையோ ஆஸ்பத்திரியில் இல்லை, வெளியில் செய்யுங்கள் என்பார்கள். அது அவசரமா, அடுத்த கிளினிக் வரை பொறுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டொக்டர் சொல்வது விளங்காவிட்டால் தலையை ஆட்டிவிட்டு வரவேண்டாம். 1987ம் ஆண்டு 13ம் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. தமிழ் தெரிந்த மிஸ்ஸியையோ உத்தியோகத்தரையோ கூப்பிடச் சொல்லுங்கள். முடிந்தால் சிங்களம் தெரிந்த நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கேள்வி: எனக்கு மூன்று பிள்ளை பிறந்தபின் குடும்பக் கட்டுப்பாட்டு ஒப்பரேஷன் செய்தார்கள். ஒரு பிள்ளை இறந்துவிட்டது. இனி வழி உண்டா?

பதில்: உண்டு என்றோ இல்லை என்றோ பார்க்காமல் சொல்ல முடியாது. வெட்டிய குழாயை மீண்டும் பொருத்தும் ஒப்பரேஷன் இருக்கிறது. அது பலிப்பது உங்கள் வயசிலும், முன்பு எப்படி வெட்டினார்கள் என்பதிலும், எவ்வளவு குழாய் மிச்சம் இருக்கிறது என்பதிலும் தங்கியிருக்கிறது. முதல் ஒப்பரேஷன் செய்த ஆஸ்பத்திரியின் கடதாசியைத் தேடி எடுத்துக்கொண்டு விசேஷ வைத்தியரைப் பாருங்கள். இன்னும் ஒப்பரேஷன் செய்யாதவர்கள், பிறகு மாற்றுவது கஷ்டம் என்பதை நன்றாக யோசித்துக் கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: முதல் பிள்ளை பிறந்து ஆறு வருஷம். இரண்டாவது தங்கவில்லை. எங்களையும் பார்ப்பார்களா?

பதில்: பார்ப்பார்கள். ஒரு பிள்ளை இருப்பதால் கிளினிக்கில் யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். முதல் பிரசவத்துக்குப் பின் வந்த கிருமியால்கூடக் குழாய் அடைபடலாம்.

கேள்வி: என் தம்பியின் பிள்ளையை நாங்களே வளர்க்கிறோம். அது போதாதா?

பதில்: வளர்க்கலாம். ஆனால் கடதாசியில்லாமல் வளர்த்தால் பள்ளிக்கூடத்திலும், அடையாள அட்டை எடுக்கும்போதும், சொத்து விஷயத்திலும் பிள்ளைதான் கஷ்டப்படும். 1941ம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டத்தின்படி நீதிமன்றக் கட்டளை பெற வேண்டும். தத்தெடுப்பவருக்குப் பொதுவாக 25 வயது நிறைந்திருக்க வேண்டும், பிள்ளையைவிட 21 வயது மூத்தவராக இருக்க வேண்டும். நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்கள உத்தியோகத்தர் வழி காட்டுவார்.

வீட்டாருக்கும் லயத்தாருக்கும்

மலடி என்ற சொல்லை நம் வாயிலிருந்து எடுத்துவிடுவோம். காரணம் யாரிடம் என்று பரிசோதிக்காமலே பெண்ணைத் தள்ளி வைத்து, இன்னொரு கலியாணம் முடித்து, அங்கேயும் பிள்ளை தங்காமல் இரண்டு பெண்களின் வாழ்க்கை கெட்ட கதைகள் நமக்குத் தெரியும். சீமந்தத்துக்கும் பேர் வைக்கும் சடங்குக்கும் அந்தப் பெண்ணை ஒதுக்காதீர்கள். கிளினிக்குக்குப் போகிற தம்பதியிடம் "என்ன சொன்னாங்க?" என்று வழியில் நிறுத்தி விசாரிக்காதீர்கள். எல்லா வைத்தியமும் செய்தும் பிள்ளை தங்காத தம்பதிகளும் இருப்பார்கள். அவர்கள் குடும்பமும் முழுக் குடும்பமே.

இதை வாசிக்கும் தம்பதிகளே, கலியாணம் முடித்துச் சேர்ந்து வாழ்ந்து ஒரு வருஷம் கடந்துவிட்டதா? மனைவிக்கு 35 கடந்து ஆறு மாசம் ஆகிவிட்டதா? அடுத்த முறை மருத்துவிச்சி அம்மா டிவிசனுக்கு வரும்போது இருவரும் வாசலில் நின்று பேரைக் கொடுங்கள். கிளினிக் நாளைக் கேட்டு கலண்டரில் குறியுங்கள்.